பேரத்தில் பிறந்த விசுவாசம்

முத்துக்குளித்துறையின் கிறிஸ்தவ வரலாறு ஒரு பேரத்தில் தொடங்குகிறது. அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. பேரம் பேசிய இரு தரப்பாருமே மறைக்கவில்லை. 1530களில் சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பின் பிடி காயல் பகுதி முஸ்லிம் வணிகர்களிடம் இருந்தது. மூழ்கிச் சிப்பி எடுத்த பரதவர்களுக்கும் அவர்களுக்கும் இடையே நெடுநாள் புகைந்த பகை தூத்துக்குடியில் ஒரு சண்டையாக வெடித்தது. ஒரு பரதவரின் காது அறுபட்டு, அதில் கிடந்த கடுக்கன் பறிபோனது என்பது மரபு. பழிக்குப் பழி என்று இரு பக்கமும் உயிர்கள் போயின. அந்தச் சமயத்தில் குமரிமுனைப் பக்கம் குதிரை விற்க வந்திருந்தவர் ஜோவான் த குரூஸ். கோழிக்கோட்டுக்காரர், லிஸ்பனுக்குப் போய்க் கிறிஸ்தவரானவர். அவர் பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிகளுக்கு ஒரு வழி சொன்னார். கொச்சியில் இருக்கும் போர்ச்சுக்கீசியரிடம் போனால் அவர்கள் கப்பல் காவலுக்கு வரும், ஆனால் ஞானஸ்நானம் பெற வேண்டியிருக்கும் என்றார். பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போனார்கள், ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பினார்கள். 1535க்கும் 1537க்கும் இடையில் கரையோர ஊர்களில் ஏறக்குறைய 20,000 பேர் கிறிஸ்தவர்களானதாக அக்காலக் கணக்குகள் சொல்கின்றன. 1538இல் வேதாளையில் நடந்த சண்டையில் போர்ச்சுக்கீசியர் தங்கள் வாக்கை நிறைவேற்றினார்கள்.

இப்படி வந்த விசுவாசத்தை அரைமனது என்று தள்ளிவிடுவது எளிது. பலர் தள்ளியும் இருக்கிறார்கள். பயனுக்காக மதம் மாறினார்கள் என்ற ஒரு வரியோடு அவர்கள் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. எனக்கு அது போதவில்லை. பேரத்தில் பெற்றதை அந்த மக்கள் பிறகு என்ன செய்தார்கள்? பேரத்தில் கிடைத்த பயன் கைவிட்டுப் போன நாளில் எங்கே நின்றார்கள்? பயன் மீண்டும் பெருகியபோது என்ன ஆனார்கள்? முழுமனதான பக்தி எது, மெத்தனம் எது என்பதைப் பிரசங்க மேடையில் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட இந்தக் கரையின் ஐந்நூறு ஆண்டுகளில் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

ஞானஸ்நானத்துக்குப் பிறகு ஐந்தாறு ஆண்டுகள் இந்தக் கரைக்கு மொழி தெரிந்த குரு ஒருவரும் வரவில்லை. 1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். வழியில் வந்த ஊர்களில் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: கிறிஸ்தவர்களான பிறகு முன்னைவிடக் கூடுதலாக எதை விசுவசிக்கிறீர்கள்? நாங்கள் கிறிஸ்தவர்கள், ஆனால் உங்கள் மொழி தெரியாததால் எதை விசுவசிக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது என்பதே கிடைத்த பதில். ரோமாபுரிக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பதிலில் பொய் இல்லை, பூச்சு இல்லை. தெரியாது என்று சொன்னவர்களிடம் குறையிருந்தது உண்மை. அதை மெத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். தெரியும் என்று நினைத்துக்கொண்டு மேற்கொண்டு அசையாமல் இருப்பவரிடம்தான் மெத்தனம் குடியிருக்கும்.

சவேரியாரின் கோபமும் அப்படிப்பட்டவர்கள் மேல்தான் திரும்பியது. 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய நீண்ட கடிதத்தில், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோவதைச் சொன்ன அதே மூச்சில், பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கு ஓடிப்போய்ப் பைத்தியக்காரனைப் போலக் கத்த வேண்டும் என்று தோன்றுவதாக எழுதினார். படித்தவர்கள், இறையியல் கற்றவர்கள், பதவிக்கும் மானியத்துக்கும் காத்திருக்கிறார்கள். இங்கே செபம் சொல்லித்தர ஆள் இல்லை. அவரும் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்து, அதே ஆசைகளோடு இருந்தவர் என்பதால் அந்த வரிகளில் சூடு அதிகம்.

தூத்துக்குடியில் நான்கு மாதம் தங்கி, இரு மொழியும் தெரிந்தவர்களை உட்காரவைத்து, விசுவாசப் பிரமாணத்தையும் செபங்களையும் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்தார். பிறகு மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். அவருடைய தமிழ் மனப்பாடத்தைத் தாண்டி அதிகம் போகவில்லை. ஒவ்வோர் ஊரிலும் செபம் சொல்லித்தர ஆள் வைக்கப் பணம் தேவைப்பட்டது. இந்தக் கரையின் வரியில் ஆண்டுக்கு 4,000 பொற்பணம் போர்ச்சுக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. சவேரியார் அதைக் கேட்டு வாங்கி உபதேசியார்களுக்குச் சம்பளமாக்கினார். இந்த ஊர்களில் இன்றும் உபதேசியார் என்று ஒருவர் இருப்பதன் வேர் அந்தக் காலணிப் பணத்தில் இருக்கிறது.

அவருடைய ஆர்வத்தின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளை அனுப்பி வீட்டுச் சிலைகளை உடைக்கச் செய்ததை அவரே மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். சாராயம் குடித்த பெண்களுக்கு அபராதமும் சிறையும் விதித்தார். 1546இல் மலுக்கத் தீவுகளிலிருந்து கோவாவுக்குச் சமய விசாரணை மன்றம் கேட்டு அரசருக்கு எழுதியவரும் அவர்தான். முழுமனது என்பது தன்னளவிலேயே நன்மையாகிவிடாது. பிறர் மனத்தைத் தட்டித் திறக்கப் பொறுமையில்லாதபோது அது உடைத்துக்கொண்டு உள்ளே நுழைகிறது.

ஆனால் 1544இன் கோடையை மறக்க முடியாது. தெலுங்கு வடுகர் படை குமரிமுனைப் பக்கத்துக் கடற்கரை ஊர்களைச் சூறையாடியது. மக்கள் தப்பிக் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறிப் பசியிலும் தாகத்திலும் கிடந்தார்கள். சவேரியார் 20 தோணிகளில் அரிசியும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். எதிர்காற்று விடவில்லை. திரும்பி வந்தவர் பிறகு கரைவழியாக நடந்தே போனார். இதே காலத்தில் தூத்துக்குடியில் இருந்த போர்ச்சுக்கீசியக் கேப்டன் கோஸ்மே த பைவா, குதிரை விற்று லாபம் பார்ப்பதில் கருத்தாக இருந்தார். வாங்கியவர்கள் இந்த மக்களைத் தாக்குகிறவர்கள் பக்கத்தார். காவலுக்கு என்று வந்தவர் செய்த வேலை அது. சில வாரங்களில் அந்தக் கேப்டனே தாக்குண்டார். கப்பலும் வீடும் எரிந்தன, தீவில் ஒதுங்கித் தண்ணீருக்குத் தவித்தார். சவேரியார் தன் தோழர் மன்சிலாசுக்கு உடனே எழுதினார்: படகுகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு அவருக்கு உதவப் போ. அந்த ஆள்மேல் தனக்கிருந்த வெறுப்பை அவர் எங்கும் மறைத்ததில்லை. இருந்தும் தோணி போயிற்று.

சவேரியார் இந்தக் கரையில் இருந்தது மொத்தம் இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் கூடுதல். பெயர் நிலைத்தது அவருக்கு. விசுவாசத்தை நிலைக்க வைத்தவர் வேறொருவர் என்பது என் முடிவு.

1547இல் இங்கு வந்தவர் யேசுசபையைச் சேர்ந்த அண்டிரிக் அடிகளார். போர்ச்சுக்கீசியப் பெயர் என்றிக்கே என்றிக்கஸ். அவர் முன்னோர் யூதர். அந்தக் காரணத்தைச் சொல்லி பிரான்சிஸ்கு சபையார் அவரை வெளியேற்றியிருந்தார்கள். பழைய கிறிஸ்தவர், புதுக் கிறிஸ்தவர் என்று பிரித்துப் பார்த்த நாட்டில் ‘புதுக் கிறிஸ்தவர்’ என்று தள்ளப்பட்டவர், பெற்ற ஞானஸ்நானத்துக்குப் பத்து வயதே ஆன ஒரு மக்களிடம் வந்து சேர்ந்தார். 1600இல் இறக்கும்வரை 53 ஆண்டுகள் இங்கேயே இருந்தார். 1549இல் அவருடைய தலைவர் அந்தோனியோ கிரிமினாலி வேதாளையில் ஈட்டிக்கு இரையானார். பொறுப்பு இவர்மேல் விழுந்தது. 1553இல் புன்னைக்காயல் தாக்கப்பட்டபோது சிறைப்பட்டு மீண்டார். மீண்டதும் ஊருக்குக் கப்பல் ஏறவில்லை.

தொடக்கத்தில் அவர் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பாவசங்கீர்த்தனம் கேட்டார். அதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பெண் தன் மனத்தை அழுத்துவதைச் சொல்ல வந்து மண்டியிடுகிறாள். குருவுக்கும் அவளுக்கும் நடுவில் அதே ஊர்க்காரன் ஒருவன் நிற்கிறான். அவள் எதைச் சொல்வாள்? சொல்லத்தக்கதை மட்டும் சொல்வாள். சடங்கு நிறைவேறும், மனம் திறக்காது. அண்டிரிக் அடிகளார் இரவும் பகலும் தமிழ் படித்ததற்குக் காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன். இரண்டு மூன்று ஆண்டுகளில் மொழிபெயர்ப்பாளரை விலக்கினார். இலக்கணம் எழுதினார். புன்னைக்காயலில் நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை எழுப்பினார்.

பிறகு அச்சு. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது, 16 பக்கம். மறு ஆண்டு கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’. 1580இல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்ய ஒரு கையேடு. 1586இல் அறுநூறு பக்கத்தைத் தாண்டிய புனிதர் வரலாறு ‘ஃப்ளோஸ் சாங்டோரும்’. அதைத்தான் 1967இல் இராசமாணிக்கம் அடிகளார் தூத்துக்குடியிலிருந்து மீண்டும் பதிப்பித்தார். இந்திய மொழிகளில் முதலில் அச்சேறியது தமிழ் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அந்த அச்சுச் செலவுக்குக் கைகொடுத்தது முத்துக்குளித்துறை மக்கள் என்பதை அவ்வளவு சொல்வதில்லை. எதை விசுவசிக்க வேண்டும் என்று தெரியாது என்று சவேரியாரிடம் சொன்ன தலைமுறையின் பிள்ளைகள், அதைத் தங்கள் எழுத்தில் படிக்கக் காசு கொடுத்தார்கள். கடவுளுக்கு அடிகளார் தேர்ந்த சொல்லும் கவனிக்கத்தக்கது: தம்பிரான். சைவ மடங்களில் புழங்கும் சொல், இந்த மக்களின் நாவில் ஏற்கெனவே இருந்த சொல்.

அதன்பின் எழுபது ஆண்டுகள் கழித்துத்தான் சோதனை வந்தது. 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். போர்ச்சுக்கீசியர் போனார்கள், யேசுசபைக் குருக்கள் விரட்டப்பட்டார்கள், கோயில்கள் பறிபோயின. 1535இன் பேரத்தை நினைத்துப் பாருங்கள். ஞானஸ்நானம் பெற்றால் காவல் என்பது ஒப்பந்தம். காவல் கொடுத்தவன் கடலை விட்டே ஓடிவிட்டான். புதிதாகக் காவலுக்கு வந்தவனும் கிறிஸ்தவன்தான், ஆனால் சீர்திருத்த சபைக்காரன். சலாபத்தை நடத்துகிறவன் அவன், குளிப்பவர்கள் மூழ்கப் பயன்படுத்தும் கல்லுக்கு வரி கணக்கிடுகிறவன் அவன். பயன்தான் இவர்களை ஆட்டிவைத்தது என்றால் 1658இல் தூத்துக்குடிக் கரை முழுவதும் டச்சுக் கோயிலுக்குப் போயிருக்க வேண்டும்.

போகவில்லை. பிலிப்புஸ் பால்டேயுஸ் என்ற டச்சுப் போதகர் நேரிலேயே வந்து முயன்று பார்த்தார், பலிக்கவில்லை. நகருக்குள் பூசை இல்லையென்றால் ஊருக்கு வெளியே குரு ஒளிந்திருந்த இடத்துக்கு மக்கள் நடந்தார்கள். தூத்துக்குடிப் பனிமய மாதாவின் சுரூபத்தை மறைத்துக் காத்தார்கள் என்று இன்றும் வீடுகளில் சொல்கிறார்கள். 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்ததாகச் சொல்லப்படும் அதே சுரூபம். யேசுசபைக் கடிதம் ஒன்று ஒரு காட்சியைச் சொல்கிறது. டச்சுப் போதகர் பரதவரின் சாதித்தலைவரைக் கூப்பிட்டு மதம் மாறச் சொன்னார். தலைவர் அமைதியாகப் பதில் சொன்னார்: சவேரியார் இந்தக் கரையில் ஐந்தாறு செத்தவர்களை எழுப்பியதாகக் கேட்டிருக்கிறோம், நீர் ஒரு டஜன் பேரையாவது எழுப்பும், எங்கள் நோயாளிகளைக் குணமாக்கும், கடலில் மீனைப் பெருக்கும், அப்புறம் பேசுவோம். எழுதியவர் யேசுசபைக்காரர் என்பதால் அந்தப் பேச்சை வரிக்கு வரி நம்ப வேண்டாம். ஆனால் முடிவு டச்சு ஆவணங்களாலும் மறுக்க முடியாதது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்டும் இந்த மக்களை அவர்களால் நகர்த்த முடியவில்லை. அவர்கள் ஆட்சி இருக்கும்போதே, 1713இல், பனிமய மாதாவின் இப்போதைய கோயில் அர்ச்சிக்கப்பட்டது.

ஆராய்ச்சியாளர் சூசன் பெய்லி இதை வேறு விதமாக விளக்குவார். கத்தோலிக்கம் இந்தச் சாதியின் அடையாளமாகவும் சாதித்தலைவரின் அதிகாரத்துக்குத் தூணாகவும் மாறிவிட்டது. அதை விடுவது சாதியையே கலைப்பதாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்த வாதத்தில் பெரும் பகுதி உண்மை. சாதித்தலைவருக்குக் கோயிலில் முதல் மரியாதை, சலாபத்தில் வரியில்லாக் கல் என்று இரண்டும் பின்னிக் கிடந்தன. ஆனால் ஊருக்கு வெளியே பூசைக்கு நடந்த கிழவிக்கு முதல் மரியாதையில் என்ன பங்கு? அவள் நடையை அடையாளம் என்ற ஒரு சொல்லுக்குள் அடக்க எனக்கு மனம் வரவில்லை.

முத்துக்குளிப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த மக்களின் பக்தி அவ்வளவு புதிராக இருக்காது. ஏழெட்டுப் பாக ஆழம். ஒருவர் கல்லில் கால் வைத்து, மூக்கைப் பிடித்து, கழுத்தில் பையோடு இறங்குவார். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். ஒரு நிமிடம் போல. கயிறு அசைந்ததும் இழுக்க வேண்டும். இழுப்பவர் சற்றே கண் அயர்ந்தால் கீழே இருப்பவர் பிணம். சுறா பயமும் உண்டு. அதனால் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டி இல்லாமல் மூழ்க மாட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக் கரைச் சலாபத்தைப் பார்த்த எமர்சன் டென்னன்ட், அந்தக் கடல்கட்டியே கத்தோலிக்கராக இருந்ததைக் குறித்திருக்கிறார். கழுத்தில் செபமாலை, கரையில் கடல்கட்டி. வெளியிலிருந்து வந்த போதகர்களுக்கு இது இரண்டுங்கெட்டான் நிலை. அன்றைக்கு மூழ்கியவரிடம் கேட்டிருந்தால், கடலுக்குள் போகிறவன் ஒரு கதவையும் தட்டாமல் விடமாட்டான் என்றிருப்பார். தூய்மையான கோட்பாடு அவரிடம் இல்லாமல் இருக்கலாம், மெத்தனம் இருக்க வழியே இல்லை. தூத்துக்குடியில் கடைசியாக அரசு நடத்திய சலாபம் 1961இல் முடிந்தது. சங்கு குளிக்கிறவர்கள் இன்னும் இறங்குகிறார்கள், இப்போது காற்றுக் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு.

அப்படியானால் மெத்தனம் எப்போது வந்தது? ஆபத்து நீங்கியபோது என்று சொல்லத் தோன்றுகிறது. விவிலியத்தின் கடைசி நூலில் வெதுவெதுப்பானவர்கள் என்று கண்டிக்கப்படும் லவோதிக்கேயா செல்வம் கொழித்த ஊர். கி.பி. 60இல் பூகம்பத்தில் இடிந்தபோது ரோமாபுரியின் உதவி வேண்டாம் என்று சொல்லித் தன் பணத்தில் எழும்பிய ஊர். எனக்கு ஒரு குறையும் இல்லை என்ற பேச்சு அங்கே வெறும் பெருமை அல்ல, நடந்த கதை. அதனால்தான் கண்டிப்பும் அவ்வளவு கடுமை.

1806இல் சாதித்தலைவர் தொன் கபிரியேல் காலத்தில் பனிமய மாதாவுக்குத் தங்கத்தேர் முதலில் ஓடியது. கடைசியாக 2023இல் ஓடியது. ஆகஸ்ட் 5 அன்று வடம் பிடிக்கும் கூட்டத்தில் இந்துக்களும் இருப்பார்கள். வெளிநாட்டில் கப்பலில் வேலை செய்கிறவர்கள் விடுப்பெடுத்து வருவார்கள். அந்த அன்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் தேரைச் சுற்றி வளர்ந்த மற்றவற்றையும் பார்க்க வேண்டும். வணிகத்தில் உயர்ந்த மேசைக்காரர் என்றும் கடலில் உழைத்த கம்மாரக்காரர் என்றும் ஒரே மக்கள் பிளந்தார்கள். யாருக்கு முதல் மரியாதை என்று நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடினார்கள். ஒரே மாதாவை ‘அன்னை’ என்றழைத்த வாய்கள் ஒரே பந்தியில் சாப்பிடத் தயங்கின. டச்சுக்காரன் பறிக்க முடியாததை நம் மரியாதைப் பட்டியல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது.

உள்நாட்டில் சீர்திருத்த சபையார் நிலையும் வேறல்ல. திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகக் கிறிஸ்தவர்கள் பெருகிய காலத்தில் அங்கு வேலை செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல், மிஷன் வேலை உள்ளபடி எப்படி இருக்கிறது என்று ஒளிவில்லாமல் எழுதினார். இங்கிலாந்தில் இருந்தவர்கள் அது சோர்வூட்டுகிறது என்று கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பினார்கள். 1903இல்தான் அது நூலானது. வெற்றி அறிக்கை கேட்டவர்களுக்கு உண்மை அறிக்கை சங்கடம். மெத்தனத்துக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மெத்தனம் பற்றிய இந்தப் பேச்சு கோயில் நிர்வாகத்துக்கும் பொருந்தும். கரையூர்களில் கோயிலுக்கு மீனில் பங்குண்டு. மக்கள் மனமுவந்து கொடுத்தது காலப்போக்கில் குத்தகையாகி ஏலத்துக்கு வந்தது. சுறா இறகுக்கு வெளிநாட்டில் விலை ஏறியபோது, அது பிடித்தவனுக்கா கோயிலுக்கா என்று பிணக்கு மூண்டது. 1960களில் இடிந்தகரையில் அந்தப் பிணக்கு முற்றி, ஒரு பகுதியினர் கோயிலையே விட்டு விலகினார்கள். டச்சுப் பீரங்கிக்கு முன் நின்ற மக்களின் வாரிசுகள் சுறா இறகுக்காகப் போனார்கள் என்று அவர்களைக் குறை சொன்னவர்கள் உண்டு. ஞானஸ்நானத்தைக் காவலோடு பேரம் பேசித் தொடங்கிய கரையில், காணிக்கையைக் கடனாக வசூலித்த தரப்பின்மேல்தான் என் வருத்தம் முதலில் விழுகிறது. ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’, ‘கொற்கை’ நாவல்களைப் படித்தவர்களுக்கு அந்த வலியின் சூடு தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் இந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. கடலோரக் கத்தோலிக்க ஊர்களில் சனிக்கிழமை திரும்பிய வள்ளங்கள் திங்கள்வரை மணலில் கிடக்கும். டீசல் விலை, வட்டி, தடைக்காலம், பக்கத்து நாட்டுக் கடற்படை என்று ஆண்டில் தொழில் நடக்கும் நாள்களே குறைவு. அதில் வாரத்துக்கு ஒரு நாளைக் கையால் கழித்துவிடுகிறார்கள். சனி இரவு நல்ல பாடு என்று செய்தி வந்தாலும் மறுநாள் எந்திரம் முடுக்க மாட்டார்கள். இனிகோ நகர்ப் பக்கம் ஒரு ஞாயிறு விடியலில் நின்றிருந்தேன். கடல் வாய்க்காலைப்போல் அசையாமல் இருந்தது, காற்றே இல்லை. தொழிலுக்கு அப்படி ஒரு நாள் அமையாது. கோயில் மணி அடித்தது. கைலியை மாற்றி வேட்டி கட்டிய ஒரு பெரியவர் தன் வள்ளத்தின் பக்கமாக வந்தார். அணியத்தில் ஒட்டிக் காய்ந்திருந்த செதிலை நகத்தால் சுரண்டினார். கடலை ஒருமுறை நீளமாகப் பார்த்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மணிச்சத்தம் வந்த பக்கம் நடந்தார்.